மாசிப் பட்டத்துக்கு விதை வாங்கி 2,860 ரூபாய் போச்சு: இணையத்தில் நாட்டு விதை வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறப்போட்டால் "போகட்டும், 2,860 ரூபாய்தானே" என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவார்கள். இது அப்படி விடுகிற விஷயம் இல்லை.

வீட்டுத்தோட்டத்துக்கு நாட்டு விதை, செடி வளர்க்கும் பை, அந்தப் பையில் ஊறவைத்து நிரப்புகிற தென்னைநார்க் கட்டி எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக அனுப்புகிற ஓர் இணையப் பக்கத்தில் வாங்கினேன். கடை என்று ஒன்று கிடையாது. ஒரு போன் நம்பரும் நிறைய வீடியோவும்தான். பெயரை எழுதவில்லை. இதே மாதிரி விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், ஏமாற்றுகிற விதம் தெரிந்தால் யாராக இருந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். விதை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். புறவாசலில் கொஞ்சம் செம்மண் இடம், மேலே மொட்டைமாடி. பொங்கல் முடிந்ததும் இந்த வருடம் தோட்டம் போட்டே ஆகவேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கம் இதுதான் அதற்கு நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. தையில் புடலை, பீர்க்கு, பாகல். மாசியில் வெண்டை, தக்காளி. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பிப்பதற்குள் செடி வேர் பிடித்து நாலைந்து இலையாவது விட்டிருக்க வேண்டும். பிந்தினால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நாற்று வாடிப்போகும். அதனால்தான் பணத்தை விட போன நாட்கள்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வாங்குவதற்கு முன்னால் அந்த ஆளிடம் போனில் பேசினேன். நம்பிக்கை வந்தது அந்தப் பேச்சில்தான். எடுத்ததும் விலை பேசவில்லை. "அக்கா, உங்க வீட்டுல ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்டார். போர் தண்ணீர்தான், லேசாக உப்பு என்றேன். "அப்படின்னா சாதாரண தென்னைநார்க் கட்டி உங்களுக்குச் சரிப்படாதுக்கா. அதுலயே உப்பு நிக்கும். நான் நல்ல தண்ணியில அலசிக் காயவச்ச கட்டியாப் பார்த்து அனுப்புதேன்" என்றார். மொட்டைமாடியில் எந்தப் பக்கம் வெயில் விழும், பக்கத்து வீட்டுச் சுவர் நிழல் எதுவரை வரும் என்றெல்லாம் கேட்டார். அவருடைய ஆச்சி வீடு வள்ளியூர்ப் பக்கமாம். சுரை விதையைச் சாம்பலில் புரட்டிக் குடுக்கையில் போட்டு வைக்கிற பழக்கத்தை அத்தை சொல்ல ஆரம்பிக்க, மிச்சத்தை அவரே சொல்லி முடித்தார். அத்தை போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "வெவரம் தெரிஞ்ச பையன், வாங்கு" என்றார்கள். வெள்ளைக் கத்தரி கிடைக்குமா என்று கேட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் புளிக்குழம்புக்கும் அவியலுக்கும் அந்தக் காய் இருந்தால் தனி ருசி. "நம்ம ஊரு வெள்ளைக் கத்தரியே இருக்குக்கா, தனியாப் போட்டு வைக்கேன்" என்றார்.

விதைப் பெட்டி 1,200, பைகள் 900, கட்டி 500, கொரியர் 260. மொத்தம் 2,860 ரூபாய். முழுப் பணமும் முதலிலேயே வேண்டும் என்றார். அனுப்பினேன். "வந்துட்டுக்கா, ரெண்டு நாள்ல அனுப்புதேன்" என்று உடனே குரல் பதிவு வந்தது.

ரெண்டு நாள் என்றது மாசி பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. "கொரியர்ல லேட்", "பேக்கிங் பையன் லீவு" என்று தினம் ஒரு காரணம். சரி, வந்ததே என்று பிரித்தோம்.

சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்கள். உள்ளே காயின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு. ரகம் இல்லை, தேதி இல்லை, அனுப்பியவர் முகவரி கூட இல்லை. வெண்டை விதையைக் கையில் கொட்டினேன், உள்ளங்கை முழுக்க ரோஸ் நிறப் பொடி. பூசணம் வராமல் இருக்க மருந்து சேர்த்த விதைக்கு, பிரித்துத் தெரிவதற்காகச் சாயம் ஏற்றுவார்கள். கடையில் விற்கிற பல பாக்கெட் விதையில் இதைப் பார்க்கலாம். அதில் தப்பே இல்லை, ஆனால் "மருந்து மாயம் இல்லாத இயற்கை நாட்டு விதை" என்று சொல்லி விற்றதில் இது எப்படி வந்தது? பேரப்பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடுகிற வீடு இது. மருந்து சேர்த்த விதை என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? அவரை விதையில் ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை, கவருக்கு அடியில் மாவு, ஒரு வண்டு உயிரோடு ஊர்ந்தது. பீர்க்கு என்று எழுதிய கவரில் வெள்ளை விதை. பீர்க்கு விதை கறுப்பாக இருக்கும் என்பது அத்தைக்கு எழுப்பிக் கேட்டாலும் தெரியும். என்ன விதை என்று இன்றுவரை தெரியவில்லை.

அலசிய கட்டி என்றாரே, அதை ஊறப்போட்டால் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. திரும்பத் திரும்ப அலசியும் நிறம் போகவில்லை. பையில் நிரப்பிக் காய்ந்ததும் விளிம்போடு வெள்ளையாக உப்புப் பூத்து நின்றது. எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்கள் அத்தை. உப்பேதான்.

அப்படியும் விதைத்தோம். வெண்டை நாலைந்து நாளில் தலை தூக்க வேண்டும், கத்தரிக்கு ஒரு வாரம், பத்து நாள். காத்திருந்ததுதான் மிச்சம். கால்வாசி கூட முளைக்கவில்லை. வெள்ளைக் கத்தரி ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்த வெண்டையை ஈரத்துணியில் கட்டி வைத்துப் பார்த்தேன். கொழகொழவென்று ஆகி நாற்றம் எடுத்தது. நகத்தால் அமுக்கினால் உள்ளே சத்தே இல்லை, வெறும் தோல்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. போட்டோவோடு செய்தி அனுப்பினேன். "தண்ணி கூடப்போச்சுக்கா" என்று பதில். குறைத்துத்தான் ஊற்றினோம் என்றேன். "மண்ணு சரியில்ல." மண் இல்லை, நீங்கள் அனுப்பிய கட்டி என்றேன். "வளர்பிறையில விதைச்சீங்களா?" என்று கேட்டார். வளர்பிறைதான் என்று அத்தையே குரல் பதிவு போட்டார்கள். அதைக் கேட்டதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் வேறு ஒரு நம்பரில் இருந்து, "வணக்கம் மேடம், பெட்டி பிரிக்கும் வீடியோ இருந்தால் மட்டுமே புகார் ஏற்கப்படும்" என்று செய்தி. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, அடுத்த ஆர்டரில் நூறு ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். 2,860 ரூபாயை வாங்கிக்கொண்டு அடுத்த ஆர்டராம்! அவர்கள் வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது, என் நம்பரையும் தடுத்துவிட்டார்கள். அதே வீடியோவுக்குக் கீழே வேறு ஓர் அம்மா "எனக்கும் வேணும் தம்பி" என்று கேட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

தண்ணீர் லேசாக உப்புதான், ஆனாலும் முளைக்காததற்கு எங்கள் மண்ணும் தண்ணீரும் காரணம் இல்லை. அத்தை சாம்பலில் வைத்திருந்த சுரையையும் சீனியவரையையும் அதே போர் தண்ணீரை ஊற்றிப் புறவாசலில் போட்டோம், பழுதில்லாமல் வந்திருக்கிறது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் விதைக்கடை அண்ணாச்சியிடம் ஒரு வெண்டைப் பாக்கெட் வாங்கிப் போட்டேன், அதுவும் முளைத்துவிட்டது. பாக்கெட்டை அவரே திருப்பிக் காட்டினார்: ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த நாள், எதுவரை விதைக்கலாம், முளைப்புத் திறன் எல்லாம் அச்சடித்திருந்தது. வெண்டைக்குக் குறைந்தது 65 சதவீதம், கத்தரிக்கும் தக்காளிக்கும் 70, மிளகாய்க்கு 60 முளைக்க வேண்டும் என்று அரசு தரம் வைத்திருக்கிறது. விதை விற்கவே 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வாங்க வேண்டும். உரிமத்தின் நகல் எங்கே என்று கடைசியாக அந்த இரண்டாவது நம்பரிடம் கேட்டேன். அதுவும் தடுத்தாயிற்று.

கத்தரி நாற்று விடுகிற பருவம் தாண்டிவிட்டது. இனி வெள்ளைக் கத்தரிக்கு அடுத்த பட்டம்தான்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், முடியவில்லை, எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. அவசரத்துக்கு இவை மட்டும். அச்சடித்த சீட்டும் காலாவதித் தேதியும் இல்லாத விதையை வாங்காதீர்கள். "நாட்டு விதை" என்று சொல்லிச் சாயம் ஏற்றிய விதை வந்தால் அன்றைக்கே கேளுங்கள். முழுப் பணமும் முன்கூட்டி அனுப்பாதீர்கள், பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். எல்லா விதையையும் போட்டுவிடாமல் ஒரு பிடி எடுத்து வையுங்கள், விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் முளைப்புத் திறனைப் பார்த்துச் சொல்வார்கள். நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் உடனே 1930, இணையப் பண மோசடிக்கான உதவி எண். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, குரல் பதிவுகள், வண்டு ஊர்ந்த கவர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 2,860 ரூபாயையும் கேட்கத்தான் போகிறேன்.