எ மீட்டிங் பை தி ரிவர், எஸ்.ஏ.சி.டி. பதிப்பு: வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். அனலாக் புரொடக்‌ஷன்ஸ் மறுவெளியீடாகக் கொண்டுவந்த இந்த இசை ஆல்பம் எஸ்.ஏ.சி.டி. வடிவில் வருகிறது, அதாவது சூப்பர் ஆடியோ சிடி, சிடியைவிட உயர்தெளிவான டிஸ்க். இதில் நான்கே உருப்படிகள், ஏறக்குறைய நாற்பது நிமிடம். சாதாரண சிடியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் விலை, தபால் செலவு தனி. அப்படியும் ஒலிப்பதிவு என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று யாராவது கேட்டால் என் அலமாரியிலிருந்து முதலில் எடுப்பது இதைத்தான்.

அமெரிக்கரான ரை கூடரின் ஸ்லைடு கிட்டார், விஸ்வ மோகன் பட் கிட்டாரை மாற்றியமைத்து உருவாக்கி வாசிக்கும் மோகன வீணை. துணைக்குத் தபலாவும், கூடரின் மகன் வாசிக்கும் டும்பெக் என்ற தோல்வாத்தியமும். கூடரும் பட்டும் பதிவுக்குச் சற்று முன்புதான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். 1994-ல் கிராமி வாங்கிய ஆல்பம் என்பதால் இசையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. பதிவு செய்தவரைப் பற்றித்தான் சொல்லியாகவேண்டும்.

அவர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர். இலங்கையில் பிறந்து, கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் வாட்டர்லில்லி அகூஸ்டிக்ஸ் என்ற லேபிளை நடத்தியவர். 1992-ல் அந்த ஊர்க் குருமடத்துச் சிற்றாலயம் ஒன்றில் இவர்களை உட்காரவைத்து, ஒரே இடத்தில் இரண்டு மைக்குகளை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிறுத்தினார். 1931-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. அந்த மைக்குகள் முன்னாலிருந்து வருவதையும் பின்னாலிருந்து வருவதையும் ஒன்றுபோல வாங்கிக்கொள்ளும் என்பதால் கட்டடத்தின் எதிரொலியும் கூடவே பதிவாகிவிடும். ஒலிக்கருவி வடிவமைப்பாளர் டிம் டி பராவிச்சினி செய்துகொடுத்த வால்வுக் கருவிகள், அனலாக் டேப். பிறகு ஒலியைத் திருத்தும் ஈக்வலைசர், கம்ப்ரெஷன் என்று எதையும் தொடவில்லை. வாத்தியத்துக்கு ஒரு மைக் வைத்துப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்கிற வசதி இந்த முறையில் கிடையாது. தபலா சத்தம் கூடிவிட்டால் தபலாக்காரரைத்தான் தள்ளி உட்காரச் சொல்லவேண்டும்!

மூன்றாவது உருப்படியான ‘கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்’ ஓடும்போது மோகன வீணையை மட்டும் கவனியுங்கள். பட் ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தியபின்பும் அடியிலிருக்கும் அனுநாதக் கம்பிகள் தாமாக ஒலித்துக்கொண்டிருக்கும். மலிவான பதிவில் அது ஒரு மங்கலான இரைச்சலாகத்தான் வரும். இங்கே கம்பி எப்போது ஓய்கிறது, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் சுவர் பேசுகிறது என்று பிரித்துக் கேட்கமுடிகிறது. தபலா ஜோடியில் இடதுகைப் பக்கம் இருக்கும் டக்காவில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்காரமும் அப்படித்தான், தோலின் இறுக்கம் மாறுவது காதில் விழுகிறது.

இதெல்லாம் எஸ்.ஏ.சி.டி.யின் மகிமையா? இது ஹைப்ரிட் டிஸ்க். மேலடுக்கில் வழக்கமான சிடி, கனத்தின் நடுவில் உயர்தெளிவு அடுக்கு. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகலாம். மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். உயர்தெளிவு அடுக்கில் எதிரொலியின் வால் சற்று நீள்வதுபோல எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்தால் பந்தயம் கட்டமாட்டேன். 2007-ல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் வந்த சோதனையிலும் கேட்டவர்களால் எஸ்.ஏ.சி.டி.யையும் சிடி தரத்தையும் பிரித்துச் சொல்லமுடியவில்லை. காதில் விழும் அழகில் பெரும்பங்கு அந்தச் சிற்றாலயத்திலேயே முடிவாகிவிட்டது.

அதனால்தான் எஸ்.ஏ.சி.டி. ஒழிகிறதே என்று மட்டும் யாராவது வருந்தினால் எனக்கு ஒப்பவில்லை. 1999-ல் சோனியும் பிலிப்ஸும் அதைக் கொண்டுவந்தபோது கம்ப்யூட்டரில் படிக்கமுடியாதபடி பூட்டுப் போட்டே விற்றார்கள். அடுத்த வருடமே போட்டிக்கு டிவிடி-ஆடியோ வந்தது. வாங்குகிறவர் குழம்பிப்போய் இரண்டையும் விட்டுவிட்டு எம்பி3 பக்கம் போனார். பெரிய கம்பெனிகள் ஒதுங்கியபின் இதைத் தாங்கிப்பிடித்தவை சிறு லேபிள்கள்தான். அவை கரைவதுதான் உண்மையான இழப்பு. கிளீவ்லாந்தின் டெலார்க், பீரங்கிச் சத்தத்தை அப்படியே பதிந்து ஸ்பீக்கர் ஜாக்கிரதை என்று அட்டையிலேயே எச்சரித்த லேபிள், 2009-ல் தன் சொந்த ஒலிப்பதிவுக் குழுவைக் கலைத்தது. சுவீடனின் பிஸ் என்ற லேபிள் 2023-ல் ஆப்பிள் கைக்குப் போனது. டிஸ்க் போய் ஃபைல் வந்தால் எனக்குக் கவலையில்லை. மைக்கை எங்கே நிறுத்துவது என்று பாதி நாள் யோசிப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பதுதான் கவலை.

எஸ்.ஏ.சி.டி. பிளேயர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளேயர் செய்துவந்த ஓப்போ டிஜிட்டல் 2018-ல் கடையை மூடிவிட்டது. மராண்ட்ஸ், டெனான் இன்னும் செய்கின்றன, விலைதான் கொஞ்சம் கடிக்கும். பழையது வாங்கினால் எஸ்.ஏ.சி.டி. அடுக்கைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். சிடிக்கும் அதற்கும் லேசர் வேறுவேறு, ஒன்று போனாலும் மற்றது வேலைசெய்யும். என் பழைய பிளேயரில் சிடி ஜோராகப் பாடியது, எஸ்.ஏ.சி.டி. மட்டும் ‘நோ டிஸ்க்’ என்றது. சர்வீஸில் கேட்டால் அந்த லேசர் இப்போது வருவதேயில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

எஸ்.ஏ.சி.டி. பிளேயர் இல்லாதவர்களும் தயங்கவேண்டாம், இதே டிஸ்க் சாதாரண சிடி பிளேயரிலும் ஓடும். வாட்டர்லில்லியின் பழைய சிடிகள் செகண்ட் ஹேண்டில் கண்ணில் பட்டாலும் விடாதீர்கள். குறிப்பாக டாஜ் மஹால் என்ற அமெரிக்க ப்ளூஸ் பாடகரோடு பட்டும் நம் சித்ரவீணை ரவிகிரணும் சேர்ந்த 1995-ன் ‘மும்தாஜ் மஹால்’. சித்ரவீணையை இந்தப் பதிவுமுறையில் கேட்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.