சிற்றூரில் ஒரு மனநல ஆலோசனை மையம்: அறைக்கு வெளியிலும் காக்கப்படும் ரகசியம்

கும்பகோணம் போன்ற ஊரில் கவுன்சலிங் போக நினைப்பவர் பெரிதும் அஞ்சுவது, அந்த ஆலோசகரே மறுநாள் கோயில் பிராகாரத்திலோ கல்யாண மண்டபத்திலோ எதிரே வந்து நிற்பாரே என்றுதான். அந்த அச்சத்தை முதல் அமர்விலேயே தாமாக எடுத்துப் பேசிய இந்த மையத்தைப் பற்றி, சில மாதங்களாக அங்குச் சென்றுவரும் பெண் என்ற முறையில் எழுதுகிறேன். என் அடையாளம் வெளிப்படாதிருக்க ஓரிரு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் நாள் கையெழுத்துக்காக நீட்டப்பட்ட ஒப்புதல் படிவம் தெளிவான தமிழில் இருந்தது. நான் சொல்வது எதுவும் வெளியே போகாது என்பதும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ, குழந்தை மீதான பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தாலோ, நீதிமன்றம் ஆணையிட்டாலோ அந்த உறுதி தளரும் என்பதும் அதில் இருந்தன. மனநலச் சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை என்பதையும் ஆலோசகர் விளக்கினார். அதன்பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது: "வெளியில எங்கயாவது பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். தெரிஞ்ச மாதிரியும் காட்டிக்க மாட்டேன், மரியாதைக் குறைவா நினைச்சுக்காதீங்க. நீங்களா வந்து பேசினா பேசுவேன், ஆனா இங்க பேசினது எதையும் அங்க எடுக்க மாட்டேன்." கூட இருப்பவர்கள் 'இவர் யார்' என்று கேட்டால் என்ன சொல்வதாக இருக்கிறேன் என்பதையும் அப்போதே யோசித்து வைக்கச் சொன்னார்.

அது எவ்வளவு முன்யோசனை என்பது உறவினர் வீட்டுத் திருமணத்தில் புரிந்தது. பந்திக்குக் காத்திருந்தபோது என் நாத்தனார், தமக்கு முன்பே பழக்கமான ஒருவரைக் கைபிடித்து அழைத்துவந்து, "இவங்க எங்க அண்ணி" என்று என்னைக் காட்டினார். வந்தவர் என் ஆலோசகர். அவர் கைகூப்பி, "வணக்கம், நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று எந்த விருந்தினரிடமும் கேட்பதைப் போலவே கேட்டார். பொய்யாக ஒரு சொல்லும் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பார்வையும் இல்லை. இலை போட்டதும் எங்கள் வரிசையில் இடம் இருந்தும் அடுத்த வரிசைக்குப் போய் அமர்ந்துகொண்டார்.

அடுத்த அமர்வு அந்தச் சந்திப்பில் இருந்தே தொடங்கியது. அன்று எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். என் நாத்தனாரோடு தமக்குப் பழக்கம் இருப்பது தெரிந்த பிறகு நான் மனம்விட்டுப் பேசத் தயங்கினால் வேறொரு ஆலோசகரிடம் அனுப்புவதாகச் சொன்னார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார். நாத்தனாரைப் பற்றி அவராக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் அவரிடமே தொடர்வதற்கு அந்த உரையாடலே காரணம்.

ஆலோசகருக்கு நம் வாழ்க்கையின் உள்ளும் புறமும் தெரியும். அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வின் மீது நட்போ வியாபாரமோ வளர்ந்தால், விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் ஆலோசனைக்கு வந்தவராகவே இருப்பார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகள் சிகிச்சைக்கு வருபவரோடு பாலுறவை அறவே தடுக்கின்றன. சிகிச்சை முடிந்த பின்னும் குறைந்தது 2 ஆண்டுகள் அந்தத் தடை நீடிக்கிறது. ஆனால் எல்லா வெளித்தொடர்பும் தவறு என்று அவை சொல்லவில்லை. நடுநிலையைக் கெடுக்கக்கூடிய, சுரண்டலுக்கு இடம்தரக்கூடிய உறவுகளையே விலக்குகின்றன. ஒரே சந்தையில் காய் வாங்கி, ஒரே தேரோட்டத்தில் நிற்கும் ஊருக்கு இந்த வேறுபாடு மிகவும் தேவையானது. என் ஆலோசகர் எங்கள் குடும்பக் கடையின் பழைய வாடிக்கையாளர். தொடர்ந்து வருவதில் எனக்குச் சங்கடம் உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார். தள்ளுபடி கொடுத்தால் வாங்குவதில்லை. தீபாவளிக்கு நான் கொண்டுபோன பலகாரத்தை மறுக்காமல் பெற்று, அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டார்.

முன்பு வேறோர் ஊரில் நான் சென்ற இடத்தில், ஆலோசகர் முகநூலில் நட்பு அழைப்பு அனுப்பியதோடு என் படங்களுக்குக் கருத்தும் எழுதினார். அன்போடுதான் செய்தார் என்றாலும், 'இவரை எப்படித் தெரியும்?' என்று உறவினர்கள் கேட்டபோது பதில் தேடித் தவித்தவள் நான். ஆகையால் இங்குள்ள கட்டுப்பாட்டின் அருமை எனக்கு நன்றாகத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. ஆலோசகர் இவ்வளவு கவனமாக இருக்கும் இடத்தில், வரவேற்பறையில் இருப்பவர் முழுப்பெயரை உரக்கக் கூப்பிடுகிறார். அமர்வு முடிந்து அழுத கண்ணோடு வருபவரும் அடுத்து உள்ளே போகவிருப்பவரும் ஒரே வாசலில் எதிர்ப்பட வேண்டியிருக்கிறது. நினைவூட்டல் குறுஞ்செய்தியில் 'கவுன்சலிங்' என்ற சொல் கைப்பேசித் திரையிலேயே தெரிந்ததைச் சொன்னதும் மாற்றிவிட்டார்கள். பெயர் கூப்பிடும் வழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை. டோக்கன் எண் கொடுத்தாலே போதும்.

கட்டணம் இந்த ஊருக்குச் சற்று அதிகம். ஆனால் 50 நிமிட அமர்வில் ஒரு நிமிடமும் குறைப்பதில்லை. மருத்துவ உளவியலாளர்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பு இந்திய மறுவாழ்வுக் குழுமம் (RCI). இங்குள்ள மருத்துவ உளவியலாளரின் அந்தப் பதிவு எண் சுவரிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. எந்த மையத்திற்குப் போனாலும் அதைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்புரை எழுதும்படி இவர்கள் யாரையும் கேட்பதில்லை. இதன் கீழே நன்றி தெரிவித்து மையத்தின் பதிலும் வராது. பதில் எழுதினால், நான் அங்கு வந்துபோகிறவள் என்பதை அவர்களே ஊருக்கு உறுதிப்படுத்தியதாக ஆகிவிடும்.