எக்ஸ்காலிபர் ரெப்ளிகா வாங்குனேன்: வாள் சுமார், உறை படுகேவலம்

ஹால் செவுத்துல மாட்டலாம்னு எக்ஸ்காலிபர் (அதான், இங்கிலாந்துக் கதைல வர ஆர்தர் ராஜாவோட மந்திர வாள்) ரெப்ளிகா ஒண்ணு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், உறை, ஸ்டாண்டு எல்லாம் சேத்து 4,600 ரூபா, கடை பேரு வேணாம் விடுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கூர் கிடையாது, ஷோவுக்கு மட்டும்தான். பளபளப்பு சூப்பர், ஒத்துக்கறேன். ஆனா லேசா ஆட்டுனாலே கைப்பிடிக்குள்ள லொடலொடனு சத்தம், கழட்டிப் பாத்தா வாளோட தகடு பிடிக்குள்ள வரவே இல்ல, பென்சில் தடிமன்ல ஒரு கம்பிய வெல்டு வச்சு நட்டு போட்டு முடிச்சுட்டாங்க. வீசிப் பாக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

காமெடி என்னன்னா டூப்ளிகேட் எக்ஸ்காலிபர் ஒண்ணு கதைலயே வருது. 1485ல அச்சான, மாலரிங்கற இங்கிலீஷ் எழுத்தாளரோட ஆர்தர் கதைல, ஆர்தருக்கு அக்கா முறையான மார்கன் போலி வாள் ஒண்ணு செஞ்சு ஆர்தர்கிட்ட அனுப்பிட்டு ஒரிஜினல அவனோட சண்டை போடுறவன் கைல குடுத்துடுவா, சண்டை நடுவுல போலி வாள் பிடி கிட்டயே ஒடஞ்சு விழும், ஆர்தர் கைல வெறும் பிடி. என் வாளும் அங்கதான் ஒடையும், எழுதி வச்சுக்கோங்க.

சரி அதக்கூட மன்னிச்சிடலாம், உறைதான் வயித்தெரிச்சல். மெல்லிசு ப்ளைவுட்டு மேல கறுப்பு ரெக்சின் ஒட்டிருக்காங்க, ரெண்டாவது வாரமே வாய் பொளந்துடுச்சு, உள்ள இருக்குற பசை காஞ்சு துணுக்கு துணுக்கா வாள்ல ஒட்டுது. ஏன்யா, எக்ஸ்காலிபர்ல மெயின் ஐட்டமே உறைதானே? வாள் புடிச்சிருக்கா உறை புடிச்சிருக்கானு மந்திரவாதி மெர்லின் கேப்பாரு, ஆர்தர் வாளும்பான், அட வெவரங்கெட்டவனே, அந்த உறை பத்து வாளுக்கு சமம், அது உங்கிட்ட இருக்குற வரைக்கும் எவ்ளோ காயம் பட்டாலும் ரத்தம் போகாதுங்கற மாதிரி சொல்லுவாரு. அப்புறம் மார்கன் மறுபடி வாள தூக்கத்தான் வருவா, அவன் அத கைல புடிச்சுகிட்டே தூங்கிட்டு இருப்பான், அதனால உறைய மட்டும் எடுத்துட்டுப் போய் ஏரில வீசிடுவா. ஜப்பான்காரன் இத கரெக்டா புடிச்சுகிட்டான், 2004ல வந்த ஃபேட் ஸ்டே நைட் கேம்ல அவலான்னு அந்த உறைக்குத் தனிப் பேரே வச்சு, காயத்த ஆத்துற சக்தியும் குடுத்து பாதிக் கதைய அது மேலதான் ஓட்டுவான். நம்ம கடைக்காரருக்கு ரெக்சின் போதும்.

ஸ்டாண்டு பாறை மாதிரி ஃபைபர்ல வருது. மாலரி கதைப்படி கல்லுல உருவுனது வேற வாள், அது பெல்லினோர்ங்கற ராஜா கூட போட்ட சண்டைல ஒடஞ்சதுக்கு அப்புறம் ஏரில இருந்து வந்ததுதான் இது. இருந்தாலும் பாறைல சொருகி வச்சா போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா பையன் பாத்துட்டு, "மாமா இது எக்ஸ்காலிபூர் மாமா"ங்கறான். ஃபைனல் ஃபேன்டசி அஞ்சுங்கற வீடியோ கேம்ல வர போலி வாளாம், எவ்ளோ ஓங்கி வெட்டுனாலும் எதிரிக்கு 1 பாயின்ட்தான் போகுமாம்.

வாளுக்கு மூணு ஸ்டார், உறைக்கு ஒண்ணுகூட அதிகம். உறை இல்லாம தனி வாளாவும் விக்கிறாங்க, 900 ரூபா கம்மி, வாங்குறதா இருந்தா அத வாங்குங்க.