கதிரையா, நாற்காலியா? ஸ்டோரிவீவர் கதை நூலகமும் எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டமும்

இலங்கையின் யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், ஒவ்வொரு சனிக்கிழமையும் பிற்பகல் மூன்றரை மணிக்கு, பெரியவர்கள் பத்திரிகை வாசிக்கும் சாய்மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்து, தரம் 2 முதல் தரம் 5 வரையான பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வட்டத்தை நடத்திவருகிறோம். நடத்துபவர்கள் மூவர்: ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை ஒருத்தி, கந்தோர் வேலைக்குப் போய்வருகிற நான். எங்களில் எவருக்கும் சம்பளம் இல்லை. பிள்ளைகளிடம் காசு வாங்குவதும் இல்லை. ஆகையால், வாராவாரம் புதிய புத்தகத்துக்கு எங்கே போவது என்பதே தொடக்கத்திலிருந்து எங்களுக்குத் தலையிடியாக இருந்தது. அந்தத் தலையிடியைப் பாதிக்கு மேல் குறைத்தது ஸ்டோரிவீவர் என்னும் இணையக் கதை நூலகம். இரண்டு வருடங்களாக அதை நம்பிக் காலம் தள்ளியவர்கள் என்ற முறையில், இப்படியொரு வட்டத்தை ஊரில் தொடங்க எண்ணுபவர்களுக்காக அதன் தரத்தை இங்கே மதிப்பிடுகிறேன்.

பெங்களூரில் 2004 இல் தொடங்கப்பட்ட, இலாப நோக்கமற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ், 2015 செப்டெம்பரில் இந்தத் தளத்தைத் திறந்தது. தமிழ் உட்பட நூற்றுக்கணக்கான மொழிகளில் படக்கதைகள் அங்கே இருக்கின்றன. இலவசமாக வாசிக்கலாம், கோப்பாக இறக்கி அச்சிடலாம். இலவசம் என்று சொல்லும் தளங்கள் எத்தனையோ உண்டு. இதன் வேறுபாடு, கதைகள் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியாகின்றன என்பதுதான். ஆக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டு, மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்லிவிட்டால், எவரும் அந்தக் கதையைப் பிரதி எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தி எழுதலாம், விரும்பினால் விற்கவும் செய்யலாம். முதலில் இதைச் சட்டக்காரருக்கு உரிய விடயம் என்று எண்ணி நாங்கள் கவனிக்கவில்லை. பிறகுதான் எங்கள் வட்டத்துக்கு இந்தத் தளம் தந்த மிகப்பெரிய உதவி அந்த அனுமதியே என்று விளங்கியது.

அதற்கு முன்பு எங்களிடம் என்ன இருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பிய ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றைப் பிள்ளைகள் படம் பார்க்கப் பயன்படுத்தினார்கள். தமிழகத்திலிருந்து வரும் படப்புத்தகங்கள் யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்கின்றன, ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அவற்றின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடும் நிலைதான். 1967 இல் சிறுவர் பகுதி திறக்கப்பட்ட யாழ். பொது நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது ஒரு திருவிழாப் போலத்தான் இருக்கும். என்றாலும் பதினான்கு பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி இறக்கி வாராவாரம் போய்வர எங்களால் இயலாது. ஒரே கதையின் பத்துப் பிரதிகள் வேண்டும், எல்லாரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது வாசிப்பு வட்டத்தின் அடிப்படைத் தேவை. அதை எந்த நூலகத்தின் இரவல் அட்டையும் நிறைவேற்றாது.

ஸ்டோரிவீவரில் கதைகள் நான்கு படிகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. எளிய சொற்கள் திரும்பத் திரும்ப வரும், 250 சொற்களுக்கு உட்பட்ட கதைகள் முதற்படி. 600 சொற்கள் வரையானவை இரண்டாம் படி. 1500 வரை மூன்றாம் படி. அதற்கு மேற்பட்டவை நான்காம் படி. தரம் 2 பிள்ளைக்கு முதற்படி, தரம் 3 க்கு இரண்டாம் படி என்று கணக்குப் போட்டுத்தான் நாங்களும் தொடங்கினோம். அந்தக் கணக்குப் பிழைத்தது. சொற்களை எண்ணிப் படி வகுப்பது ஆங்கிலத்துக்குப் பொருந்தலாம். தமிழிலோ, ஆங்கிலத்தில் ஐந்து சொல்லாக நிற்கிற ஒன்று ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரே சொல்லாகி, எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையின் மூச்சை வாங்கிவிடுகிறது. சொல் ஒன்றுதான், ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு மலை. ஆகவே இப்போது நாங்கள் படியின் இலக்கத்தைப் பார்ப்பதில்லை. கதையைச் சத்தமாக வாசித்துப் பார்த்து, ஒரு பக்கத்தில் நீண்ட சொல் எத்தனை இருக்கிறது, ஒரு வசனம் ஒரு மூச்சில் முடிகிறதா என்பதைக் கொண்டு எங்கள் ஆசிரியை புதிதாகத் தரம் பிரிக்கிறார். பின் அட்டையில் பென்சிலால் அவர் இடும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளே எங்கள் வட்டத்தில் செல்லுபடியாகும் படிகள்.

தமிழ்க் கதைகளில் மிகப் பெரும்பாலானவை தமிழகத் தமிழில் இருப்பது இயல்பு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அது என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. ஒரு கதையில் ஒருவர் நாற்காலியில் ஏறி நிற்கிறார். தரம் 3 இல் படிக்கிற பையன் வாசிப்பை நிறுத்தி, “ரீச்சர், நாற்காலி எண்டால் என்ன?” என்று கேட்டான். படத்தில் அது தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் வீடுகளில் உள்ளது கதிரை. நான்கு கால்கள் உள்ளதால் நாற்காலி என்று ஆசிரியை விளக்கினார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப எங்கட வீட்டு மேசையும் நாற்காலிதானே?” என்றான். “மாடும்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்று கதை முடியவில்லை. கட்டில், ஆடு, அடுப்படி முக்காலி என்று ஊரில் உள்ள கால் எல்லாம் எண்ணப்பட்ட பிறகே பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.

முதலில் இதை இடைஞ்சல் என்று எண்ணிய நாங்கள், சில வாரங்களில் இதையே வட்டத்தின் வேலையாக்கிக்கொண்டோம். தளத்தில் ஒரு கணக்கைத் திறந்துகொண்டால், மூலக்கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கலாம், இருக்கும் கதையை வேறொரு படிக்கு ஏற்ப எளிமையாக்கியும் எழுதலாம். அசல் அப்படியே இருக்க, நம்முடையது தனி வடிவமாகச் சேர்கிறது. மாற்றலாம் என்று உரிமம் சொல்வதால், எதை மாற்றுவது என்று பிள்ளைகளிடமே கேட்டோம். சன்னல் யன்னல் ஆனது. நாற்காலியை மாற்ற வேண்டாம் என்று அந்தப் பையனே சொல்லிவிட்டான். அதன் மேல் அவனுக்கு உரித்து வந்துவிட்டது. ஆனால் ‘பாட்டி’ என்ற சொல் வந்தபோது எங்கள் மூவருக்கும் வியர்த்தது. இங்கே அம்மாவின் அம்மா அம்மம்மா, அப்பாவின் அம்மா அப்பம்மா. சில வீடுகளில் இருவரும் ஆச்சி. படத்தில் இருப்பவர் யார்? மூலத்தில் அதற்கு விடை இல்லை. தரம் 4 பிள்ளை ஒருத்தி படத்தை முகத்துக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கிழவியின் மூக்கும் கதையில் வரும் அம்மாவின் மூக்கும் ஒரே மாதிரி இருப்பதால் அவர் அம்மம்மாதான் என்று தீர்ப்புச் சொன்னாள். மற்றவர்கள் முந்தைய பக்கத்துக்குப் போய் மூக்கைச் சரிபார்த்தார்கள். படத்தை இவ்வளவு உன்னிப்பாக வாசிக்க வைப்பதற்கு எந்தப் பயிற்சித்தாளும் எங்களுக்கு உதவியதில்லை.

இனி அச்சு. தளம் இலவசம் என்றாலும் தாளும் மையும் இலவசம் இல்லை. வண்ணப் பிரதிக்கும் கறுப்பு வெள்ளைக்கும் இடையில் விலை பல மடங்கு வேறுபடுவதால், கதை ஒன்றுக்கு வண்ணத்தில் ஒரு பிரதி, மற்றவை கறுப்பு வெள்ளை என்று வைத்திருக்கிறோம். வண்ணப் பிரதியை யார் கையில் வைத்திருப்பது என்ற சண்டையைத் தீர்ப்பதற்கு ஒரு முறைப்பட்டியல் சுவரில் தொங்குகிறது. இரவுக் காட்சிகள், அடர்ந்த வண்ணப் பின்னணிகள் கறுப்பு வெள்ளையில் வெறும் கரித்துண்டாகிவிடும் என்பதால், கோட்டோவியமாக உள்ள கதைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பல கதைகளின் பக்கங்கள் அகலவாக்கில் இருப்பதால், தாளை மடித்துப் புத்தகமாக்கும்போது எழுத்துச் சிறுத்து, மேலும் கீழும் வெற்றிடம் விழும். நான்கின் மடங்காகப் பக்கங்கள் அமையாவிட்டால் வெறும் பக்கம் வந்து நிற்கும். ஒருமுறை நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து எடுத்த பத்துப் பிரதிகளிலும் பக்க ஒழுங்கு மாறிவிட்டது. குளத்தில் விழுந்த குட்டி ஆனை, விழுவதற்கு முன்பே தலை துவட்டிக்கொண்டிருந்தது. சரிபார்க்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தது எங்கள் தவறுதான். அன்றிலிருந்து முதற்பிரதியைப் பல்கலைக்கழகத் தங்கை மடித்து வாசித்துப் பார்த்த பின்பே மற்றவற்றுக்குச் சொல்கிறோம். நடுமடிப்பை ஆசிரியை ஊசிநூலால் தைத்துவிடுவார். கம்பி குத்திய புத்தகங்களை விட அவை நெடுநாள் இருக்கின்றன.

தாளை மிச்சம் பிடிக்கப் போய் நாங்கள் இன்னொரு பிழையும் செய்தோம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர், உரிமம் ஆகிய விவரங்கள் அடங்கிய பக்கம் ஒன்று உண்டு. சின்ன எழுத்து, பிள்ளைகள் வாசிக்கப் போவதில்லை என்று நான் அதை நீக்கிவிட்டு அச்சுக்குக் கொடுத்தேன். தங்கைதான் பிடித்தாள்: “அண்ணா, அவையள் எங்களிட்டைக் கேட்டது இந்த ஒண்டைத்தானே, அதையும் வெட்டிப்போட்டியள்.” வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்ததோடு, வாசிப்பைத் தொடங்குமுன் அதை ஒரு பிள்ளை சத்தமாக வாசிப்பது என்ற வழக்கத்தையும் கொண்டுவந்தோம். புத்தகம் என்பது கடையில் முளைப்பது அன்று, ஒருவர் எழுதி, ஒருவர் வரைந்து, இன்னொருவர் நமக்காகத் தமிழில் ஆக்கித் தருவது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தேவை இருக்கவில்லை. “இவர்தானே போன கிழமைப் பூனையையும் கீறினவர்” என்று ஓவியர்களை அவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காணத் தொடங்கிவிட்டார்கள்.

தொலைபேசியில் நேரடியாக வாசிக்க வைத்துப் பார்த்தோம். ஐந்து தலைகள் ஒரு திரையை மறைத்ததுதான் மிச்சம். சுவரில் வெள்ளைத்துணி கட்டிப் படம் விழுத்துகிற வசதி உள்ளவர்களுக்கு, முதற்படிக் கதைகளை எல்லாருமாகச் சேர்ந்து வாசிக்க அது பொருந்தும்.

நம்முடைய மண்ணின் கதையும் பாட்டும் வேண்டுமென்றால் வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும். ஆடி பிறந்தபோது, கூழும் கொழுக்கட்டையுமாக ஒரு வட்டம் வைத்தோம். அதற்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரை விட்டால் யார் இருக்கிறார்? 1878 இல் பிறந்து 1953 வரை வாழ்ந்த, தங்கத்தாத்தா என்று அழைக்கப்படும் அந்தப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைத் தெரியாத அம்மம்மாவே எங்கள் ஊரில் இல்லை என்பதால், அன்றைக்கு அச்சுப்பிரதியே தேவைப்படவில்லை. ஈழத்துப் பழைய வெளியீடுகளைத் தேட, 2005 இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்ற பெயருள்ள எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் இருக்கிறது. அது நடத்துபவர் தேடி எடுத்துக்கொடுக்க வேண்டிய களஞ்சியம். பழைய பக்கங்களின் ஒளிவருடலை (ஸ்கேன்) பிள்ளையிடம் நேரே நீட்டமுடியாது. ஸ்டோரிவீவரின் வசதி, கதையை எடுத்தவுடனே பிள்ளை கையில் கொடுக்கலாம் என்பது. இரண்டும் வேறு வேலைக்கு.

எந்தத் தளமும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு. தரம் 5 பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க ஒவ்வொருவராகக் காணாமற் போவார்கள். சனி பின்னேரமும் ரியூசன் வந்துவிடும். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. மூன்றாம் படிக் கதைகளைப் பிள்ளையுடன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். சில திரும்பி வருகின்றன, கறிக்கறையுடன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். கடையில் வாங்கிய நல்ல படப்புத்தகத்தின் தாளும் மணமும் இதில் வராது. தேர்ந்தெடுக்கவும் திருத்தவும் வாரத்தில் ஓர் இரவையாவது நடத்துபவர் செலவழிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் வசனங்களின் தரம் கதைக்குக் கதை ஏறியிறங்கும். வாசித்துப் பார்க்காமல் ஒன்றையும் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். நேரம் உண்டு, காசு இல்லை என்ற நிலையில் உள்ள வட்டங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். காசு உண்டு, நேரம் இல்லை என்றால் புத்தகக்கடைக்குப் போங்கள்.

சென்ற மாதம் பிள்ளைகள் தாங்களே ஒரு கதை எழுதினார்கள். கிணற்றடியில் வாளியைத் தொலைத்த ஒரு காகத்தின் கதை. எட்டுப் பக்கம், நடுவில் ஊசிநூல் தையல். கடைசிப் பக்கத்தில் எழுதியவர்கள், படம் கீறியவர்கள், தைத்தவர் என்று எல்லாருடைய பெயரும் ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே, வேறொரு கையெழுத்தில், எங்கள் பையன் இன்னொரு வரி சேர்த்து நிலையக் காவலாளியின் பெயரையும் எழுதியிருந்தான்: “நாற்காலி தந்தவர்.”