பச்சை நிறத்தை நம்பி ஏமாந்தோம்: பேட்டரி கண்காணிப்புச் சேவை வாங்குவோர் கவனத்துக்கு

யூபிஎஸ் பேட்டரிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் சேவையை வாங்கப்போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் பொறுப்பு வகிக்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் 14 மாதங்கள் சந்தா கட்டினோம். அத்தனை நாளும் செல்பேசித் திரையில் பச்சை நிறம்தான். ஓர் இரவு மின்சாரம் போனது. 2 மணி நேரம் தாங்க வேண்டிய யூபிஎஸ் 11 நிமிடங்களில் அணைந்துவிட்டது. ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. காலையில் குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே குளிர்ச்சியே இல்லை; முந்தைய நாள் எடுத்த மாதிரிகள் அனைத்தும் வீண். நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை ஊசி குத்து வாங்கிய ஒரு மூதாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, மறுபடியும் வாருங்கள் என்று சொன்னவள் நான்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மின்சாரம் திரும்பி ஒரு முழு நாள் சார்ஜ் ஏறிய பிறகு, தெரிந்த மின்பணியாளர் ஒருவர் மல்டிமீட்டருடன் வந்தார். எங்களிடம் இருந்தவை மூடிய வகை ஈய அமில பேட்டரிகள். 12 வோல்ட் பேட்டரி நான்கு, தொடராக இணைத்தவை. முதலில் மொத்த வரிசையையும் அளந்தார்: 54.2 வோல்ட். குறை சொல்ல முடியாத எண். பிறகு ஒவ்வொன்றாக முனைகளைத் தொட்டார். 14.2, 14.1, 11.8, 14.1. மூன்றாவதன் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பெட்டி உப்பியிருந்தது.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் இருக்கின்றன. மூன்றாவதில் ஒரு செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கிறது. சார்ஜருக்குத் தெரிவது மொத்தக் கணக்கு மட்டுமே. அந்த ஒரு செல்லின் பங்கையும் மற்ற செல்களின் தலையில் ஏற்றிவிடுகிறது. ஏறக்குறைய 13.6 வோல்ட்டில் நிற்க வேண்டியவை 14-ஐத் தாண்டி, சூடேறி, உள்ளே ஈரம் வற்றிக்கொண்டே போயின. ஒரு செல் செத்து மற்ற மூன்று பேட்டரிகளையும் கெடுத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் மொத்த எண் ஒழுங்காகவே இருந்திருக்கிறது.

சென்சார் இதை ஏன் காட்டவில்லை? வயரைப் பின்தொடர்ந்து பார்த்தோம். முதல் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒன்று, கடைசிப் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஒன்று, அவ்வளவுதான். விற்க வந்தவர் காட்டிய படத்தில் நான்கு பேட்டரிக்கும் நான்கு சென்சார்கள் இருந்தன. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் ‘பேட்டரி வரிசை கண்காணிப்பு’ என்றுதான் இருக்கிறது என்றார்கள். வெப்பநிலை சென்சாரோ அலமாரிக் கதவின் உட்புறத்தில் டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இவ்வகை பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. அப்படியிருக்க, பேட்டரியின் உடலில் ஒட்ட வேண்டியதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இவற்றைக்கூட அலட்சியம் என்று விட்டுவிடலாம். நான் மன்னிக்க முடியாதது வேறு. தகவல் அனுப்பும் மோடத்தைச் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் செருகியிருந்தார்கள். மின்சாரம் போன நொடியிலேயே மோடம் செத்துவிட்டது. திரையோ கடைசியாக வந்த அளவைப் பச்சையிலேயே காட்டிக்கொண்டிருந்தது. அது எத்தனை மணிக்கு வந்த அளவு என்பது எங்கும் இல்லை. எந்த நேரத்துக்காக இதை வாங்கினோமோ, சரியாக அந்த நேரத்தில் வாய் அடைத்துப்போகும்படி அமைத்துக் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

வாங்குவதாக இருந்தால், ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனி வோல்ட், வெப்பநிலை, உள்தடை (பேட்டரிக்குள் மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) ஆகியவை அளக்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். உள்தடை ஏறத் தொடங்குவது பல நேரங்களில் வோல்ட் விழுவதற்கு முன்பே எச்சரிக்கும். பொருத்தி முடித்தவுடன், அவர்கள் எதிரிலேயே மோடத்தின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். தகவல் வருவது நின்றாலே எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். எந்த சென்சார் இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது வழக்கமாக ஓடும் கருவிகளையே யூபிஎஸ்ஸில் ஓடவிட்டு, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

கட்டிய சந்தாவைத் திருப்பிக் கேட்டு, நான்கு அளவுகளையும் வயரின் படங்களையும் இணைத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.