யோசித்து இறங்குவதா, இறங்கிப் பார்ப்பதா: இரண்டு நிர்வாகப் புத்தகங்கள்

தொழில், தலைமை பற்றிப் புதிதாக ஏதாவது படிக்கச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், கொஞ்ச நாளாக என் வாயில் வருவது இரண்டு பெயர்கள்தான். பெண்ட் ஃப்ளூபியரும் டான் கார்ட்னரும் எழுதிய 'ஹவ் பிக் திங்ஸ் கெட் டன்' ஒன்று. ஏமி எட்மண்ட்சனின் 'ரைட் கைண்ட் ஆஃப் ராங்' இன்னொன்று. இரண்டும் 2023இல் வந்தவை. ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை தரும் வணிகப் புத்தக விருதுக்கு அந்த ஆண்டு இறுதிச் சுற்றில் நின்ற ஆறில் இவை இரண்டும் உண்டு. பரிசு எட்மண்ட்சனுக்குப் போனது.

இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் கொடுத்தால் குழம்பிவிடுவார். முதலாவது, எல்லாத் தப்பையும் காகிதத்திலேயே செய்து முடித்துவிட்டு அப்புறம் களத்தில் இறங்கு என்கிறது. இரண்டாவது, தெரியாத இடத்துக்குப் போனால் தோற்கத்தான் வேண்டும், ஆனால் எப்படித் தோற்பது என்று கற்றுக்கொள் என்கிறது. சமீபத்தில் இரண்டாவது கடை திறக்கப் போகும் நண்பர் ஒருவர் கேட்டபோதுதான், எதை முதலில் கொடுப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன்.

ஃப்ளூபியர் டென்மார்க்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். 136 நாடுகளில் நடந்த 16,000க்கும் மேற்பட்ட திட்டங்களின் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கிறார். அதில் சொன்ன செலவில், சொன்ன காலத்தில் முடிந்தவை 8.5%. சொன்ன பலனும் கிடைத்ததா என்று சேர்த்துக் கேட்டால் 0.5%. அதாவது இருநூறில் ஒன்று. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. ஆனால் பெருமூச்சு விட்டுவிட்டு நகராமல் ஏன் என்று குடைகிறார் மனிதர்.

அவர் எதிரெதிரே நிறுத்தும் இரண்டு கட்டடங்களை மறக்க முடியாது. சிட்னி ஆப்பரா ஹவுஸுக்கு 1957இல் போட்ட மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1973இல் திறந்தபோது 10 கோடியே 20 லட்சம். அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்று தெரிவதற்கு முன்பே அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். வடிவமைத்த யோர்ன் உட்சன் 1966இல் பாதியில் விலகினார், முடிந்த கட்டடத்தை நேரில் பார்க்கவே இல்லை. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் ஃபிராங்க் கெரி கட்டிய குகன்ஹைம் அருங்காட்சியகமும் அதைப் போலவே நெளிவும் சுழிவுமான கட்டடம்தான். ஆனால் கெரி முதலில் அதைக் கணினிக்குள் திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்தார். 1997இல் சொன்ன தேதியில், சொன்ன பணத்துக்குள் திறந்தது. திட்டம் போடும்போது ஆகும் செலவு சம்பளமும் காகிதமும்தான், ஜல்லி கொட்டிய பிறகு ஒவ்வொரு நாளும் பணம் என்பது ஃப்ளூபியரின் கணக்கு. கலிஃபோர்னியா அதிவேக ரயிலுக்கு 2008இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தந்தார்கள், ஏறத்தாழ 3,300 கோடி டாலர், 2020இல் ஓடும் என்றார்கள். இன்னும் ஒரு பயணி ஏறவில்லை.

எனக்குப் பிடித்தது பின்னிணைப்பில் இருக்கும் அட்டவணை. எந்த வகை வேலையின் செலவு மதிப்பீட்டைச் சராசரியாக எவ்வளவு மீறும் என்று அதில் வரிசையாக இருக்கிறது: ஒலிம்பிக் 157%, அணுமின் நிலையம் 120%, கணினித் திட்டங்கள் 73%, கட்டடம் 62%, சூரிய மின்சக்தி 1%. சூரிய மின்சக்தி ஏன் தப்பிக்கிறது? ஒரே பலகையை ஆயிரம் தடவை மாட்டுகிற வேலை அது. குழந்தைகளின் லெகோ கட்டை மாதிரி, சின்ன அலகை எடுத்துத் திரும்பத் திரும்ப அடுக்கு என்பது அவர் யோசனை.

குறையும் உண்டு. நல்ல குழு கிடைக்காவிட்டால் விலகிவிடு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார். வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் கொடுத்தவன் எங்கே விலகுவது? இந்தத் துறையில் ஆலோசனை விற்கும் நிறுவனமும் அவருக்கு உண்டு என்பதை மனதில் வைத்துப் படிப்பது நல்லது.

சரி, எட்மண்ட்சன். ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர். அவர் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது மருத்துவமனைகளில் மருந்து மாற்றிக் கொடுக்கும் தவறுகளை எண்ணப் போனார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. பிறகுதான் புரிந்தது: நல்ல குழுக்கள் தவற்றை வெளியே சொல்கின்றன, மற்றவை மறைக்கின்றன. அவருடைய வாழ்நாள் வேலை முழுக்க இந்த ஒரு திகைப்பிலிருந்து முளைத்தது என்றே சொல்லலாம்.

புத்தகம் தோல்வியை மூன்றாகப் பிரிக்கிறது. கவனக்குறைவால் வரும் எளிய தோல்வி. பல சின்னக் காரணங்கள் கைகோத்து வரும் சிக்கலான தோல்வி. அப்புறம் அறிவார்ந்த தோல்வி: இதுவரை யாரும் போகாத பாதை, தெளிவான நோக்கம், முன்கூட்டியே செய்த வீட்டுப்பாடம், தோற்றாலும் தாங்கும் அளவு சின்ன முதலீடு, இந்த நான்கும் இருந்தால்தான் அந்தப் பெயர். எளிய தோல்விக்கு உதாரணமாக 1982இல் வாஷிங்டனில் பனிக்கு நடுவே கிளம்பி விழுந்த ஏர் ஃபுளோரிடா விமானம். சரிபார்ப்புப் பட்டியலைப் படித்தபோது 'பனி நீக்கி?' என்ற கேள்விக்கு, வெயில் ஊரில் பறந்த பழக்கத்தில் 'ஆஃப்' என்றே பதில் வந்தது. 78 பேர் இறந்தார்கள். பட்டியல் இருந்தது, படித்தார்கள், ஆனால் காதில் ஏறவில்லை.

இந்தப் புத்தகத்தோடு எனக்குள்ள தகராறு, தோற்ற பிறகு எல்லோரும் தன்னுடையதை அறிவார்ந்த தோல்வி என்றுதான் சொல்வார்கள் என்பது. எல்லைக்கோடு காகிதத்தில் தெரிகிற அளவுக்கு ஆபீஸில் தெரிவதில்லை. இன்னொன்று, முதலாளி படிக்க வேண்டிய புத்தகம் இது. ஊழியர் மட்டும் படித்துவிட்டு மறுநாள் மீட்டிங்கில் தன் தவற்றை ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையில் இருவரும் எங்கே மோதுகிறார்கள்? தொடங்குவதற்கு முன்பு இல்லை. சின்னதாக, மலிவாக, முன்னாலேயே தவறு செய் என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சுதான். தொடங்கிய பிறகுதான் வழி பிரிகிறது. 'எண்ணித் துணிக' என்று மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு, துணிந்த பிறகு யோசிப்பது இழுக்கு. ஃப்ளூபியர் கிட்டத்தட்ட அந்தக் கட்சி: கட்ட ஆரம்பித்துவிட்டால் ஓடு, ஜன்னலை மூடு, நாள் நீள நீளத்தான் விபரீதம் உள்ளே வரும். எட்மண்ட்சனோ டொயோட்டா தொழிற்சாலைக் கயிற்றைக் காட்டுகிறார். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது சந்தேகம் வந்தால் கடைநிலைத் தொழிலாளியும் அதை இழுத்து வேலையை நிறுத்தச் சொல்லலாம்.

ஆகவே நான் கேட்பவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன்: நீங்கள் செய்யப் போவதை இதற்கு முன் வேறு யாராவது செய்திருக்கிறார்களா? செய்திருந்தால் ஃப்ளூபியர். அவர்கள் கணக்கு உங்களுக்கும் பொருந்தும், உங்கள் கதை தனி என்று நம்ப வேண்டாம். யாருமே செய்ததில்லை என்றால் எட்மண்ட்சன். ஆட்கள் உங்களிடம் கெட்ட செய்தி சொல்லப் பயப்படுகிறார்கள் என்று சந்தேகம் வந்தாலும் அவரேதான்.

இடையில் வில் குவிடாராவின் 'அன்ரீசனபிள் ஹாஸ்பிடாலிட்டி'யையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். அவர் நடத்திய நியூயார்க் உயர்தர உணவகத்தில், தெருவோர ஹாட் டாக் சாப்பிடாமலே ஊருக்குப் போகிறோமே என்று பேசிக்கொண்ட விருந்தினருக்கு வெளியே ஓடிப்போய் அதை வாங்கி வந்து தட்டில் அழகாக வைத்துக் கொடுத்த கதை. ஒரே மூச்சில் படித்துவிடலாம். கடை ஒழுங்காக ஓடுகிறவர்களுக்கு நல்லது, முதல் வருட நஷ்டத்தில் இருப்பவருக்கு இப்போது வேண்டாம்.

நண்பருக்கு ஃப்ளூபியரைத்தான் கொடுத்தேன், கட்டடம் 62% என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு. அது விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகு வரும் கணக்கு என்றும் ஓரத்தில் எழுதினேன். நாலு நாள் கழித்து போன் வந்தது. "அந்த அறுபத்திரண்டில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா?"