எழும்பூர் ஒருநாள் பயிற்சி: காலை அமெரிக்கா, மதியம் கோட்டை

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூன்றுமே மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்ததற்கு.

சிறப்புப் பிரிவு செவிலியர்கள் தங்கள் கோரிக்கையை எம்எல்ஏ, எம்பியிடம் கொண்டுபோவது எப்படி என்று எழும்பூரில் ஒரு ஓட்டல் அரங்கில் ஒருநாள் பயிற்சி, கட்டணம் 1,500 ரூபாய். டயாலிசிஸ் பிரிவிலிருந்து நாங்கள் மூன்று பேர் போனோம், அதில் ஒருத்தி நைட் டூட்டி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்தவள். 9 மணி என்று போட்டுவிட்டு விளக்கேற்றும்போது 10.20.

காலை முழுக்க அமெரிக்கா. அவசரப் பிரிவு, புற்றுநோய், ஐசியு என்று ஒவ்வொரு பிரிவு நர்ஸுக்கும் அங்கே தனிச் சங்கம், வாஷிங்டனில் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள், சில சங்கங்கள் தேர்தல் நிதியும் திரட்டிக் கொடுக்கின்றன. வருடத்துக்கு ஒருநாள் உறுப்பினர்கள் ஊர் ஊராகக் கிளம்பி வந்து தங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்த்து, இந்த எண்ணுள்ள மசோதாவுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஒற்றைத் தாளை நீட்டுவார்களாம். மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸுகளின் சங்கம் டாக்டர் மேற்பார்வை கட்டாயம் என்ற விதியோடு பல வருடம் மல்லுக்கட்டி, மாநிலங்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று 2001-ல் வாங்கியே விட்டது, முதலில் விலகியது அயோவா. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊரில் அந்த வேலையே டாக்டருடையது, இதற்கு இரண்டரை மணி நேரமா?

மதியம் வந்தவர் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்லைடு கிடையாது, மைக்கும் வேண்டாம் என்றுவிட்டார். முதலில் எந்தக் கதவு என்று பாருங்கள் என்றார். செவிலியர் படிப்பு, பதிவு பற்றியதென்றால் 1947 சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் 2023-ல் கொண்டுவந்த தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் இருக்கிறது, அதற்கு எம்பியிடம் போக வேண்டும். வார்டில் அடிதடி என்றால் 2008-லேயே தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, அதைச் சரியாக அமல்படுத்தச் சொல்ல எம்எல்ஏ. எப்போது போவது என்பது அடுத்த விஷயம். சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீடு, சட்டமன்றத்துக்கு வரும் நாளில் அமைச்சரின் அறிவிப்புகள் அச்சாகி வந்திருக்கும், அன்றைக்குக் கோட்டை வாசலில் மனுவோடு நின்று என்ன பயன், பல வாரம் முன்னாலேயே தொகுதி அலுவலகத்தில் பி.ஏ. கையில் கொடுங்கள், வெட்டுத் தீர்மானத்திலோ (ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லும் சாக்கில் துறையின் குறையைப் பேசுவது) கேள்வி நேரத்திலோ எம்எல்ஏ பேச அவருக்கு ஏதாவது வேண்டுமே என்றார். இத்தனை வருட சர்வீஸில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் எல்லோரையும் ஒரு பக்க மனு எழுதச் சொன்னார். நான் "பணிச்சுமை தாங்க முடியவில்லை" என்று உருகி எழுதியதைப் படித்துவிட்டு, "ஏம்மா, ஒரு சிஸ்டர் ஒரே நேரத்தில் எத்தனை மெஷினைப் பார்க்கிறீங்கன்னு எழுதவே இல்லையே" என்றார். காதைப் பிடித்துத் திருகின மாதிரி இருந்தது.

குறை என்று பார்த்தால் அமைப்பாளர்கள்தான். செவிலியர் சங்க வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது, அரங்கில் பாதிப் பேர் தனியார் நர்ஸுகள், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாதம் 7,700 ரூபாய் சம்பளத்தில் இருந்த ஒப்பந்த செவிலியர்கள் 2017 நவம்பரில் டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்களே, அது பற்றி ஒரு அக்கா கேட்டார். "அது வேற டாபிக்" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். எனக்கு அது இந்த டாபிக்கேதான்.

சாம்பார் சாதம் ஆறிப்போயிருந்தது, சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. தமிழ்க் கையேடு அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை. அடுத்த தடவை போகிறவர்கள் 2 மணிக்குப் போனால் போதும், கட்டணத்தை மட்டும் முழுசாகத்தான் கேட்பார்கள்.